அருவி கொட்டியது, அடுப்பு எரியவில்லை!

குற்றாலத்தில் இரண்டு சாரல் காலம் வீணாகப் போயின. ஒன்று 2020-ம் ஆண்டு. மற்றொன்று 2021-ம் ஆண்டு.

மழை பொய்த்துவிட்டதா? இல்லை. மலையில் மேகம் கூடியது. சாரல் விழுந்தது. அருவியும் கொட்டியது. ஆனால், குளிக்க ஆள் இல்லை!

காரணம், கொரோனா.

2020 மார்ச்சு மாதம் அருவிகளில் குளிக்கத் தடை வந்தது. 25-ந்தேதி நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியது. பஸ் நின்றது. ரெயில் நின்றது. அருவித் தடை நீங்கியபோது டிசம்பர் 15-ந்தேதி ஆகிவிட்டது. ஜூன், ஜூலை, ஆகஸ்டு மாதத்துச் சாரல் அதற்குள் வந்து போய்விட்டது.

"போகட்டும், அடுத்த ஆண்டு பார்த்துக் கொள்ளலாம்" என்று கடைக்காரர்கள் மனதைத் தேற்றிக் கொண்டார்கள். அடுத்த ஆண்டு ஏப்ரலில் நோய் இரண்டாம் தடவை தலைதூக்கியது. மறுபடியும் தடை! அது நீங்கியது 2021 டிசம்பர் 20-ந்தேதி.

ஆக, இரண்டு ஆண்டில் இரண்டு சாரலும் போயிற்று.

சுற்றுலாப் போகிறவருக்கு இது பெரிய விஷயம் இல்லை. இந்த ஆண்டு போகவில்லை என்றால் அடுத்த ஆண்டு போகலாம். ஆனால், சுற்றுலா வருகிறவரை நம்பி அடுப்பு மூட்டுகிறவருக்கு? அவர் பசியை அடுத்த ஆண்டுக்குத் தள்ளி வைக்க முடியுமா?

மூன்று மாதச் சம்பாத்தியம்

குற்றாலம் சின்ன ஊர். தென்காசிக்குப் பக்கத்தில் இருக்கிறது. பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், புலியருவி என்று பல அருவிகள். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மூன்று மாதமும் ஊர் திருவிழா போல் இருக்கும்.

அந்தக் கூட்டத்தை நம்பி எத்தனை பேர்!

காட்டேஜ் வாடகைக்கு விடுகிறவர் ஒருவர். அறை பெருக்கி, போர்வை துவைக்கும் பெண் ஒருவர். எண்ணெய் தேய்த்து உடம்பு பிடித்து விடுகிறவர் ஒருவர். துண்டும் சோப்பும் விற்கிறவர், மங்குஸ்தானும் ரம்புட்டானும் கூறு கட்டி விற்கிறவர், நேந்திரங்காய் சிப்சு பொரிக்கிறவர், வேன் ஓட்டுகிறவர், படம் பிடித்துக் கொடுக்கிறவர், செங்கோட்டைச் சாலையில் பரோட்டா கடை வைத்திருப்பவர் என்று எத்தனையோ பேர்.

இவர்களில் பெரிய முதலாளிகள் குறைவு. குடும்பமே வேலை செய்யும் கடைகள்தான் அதிகம். புருஷன் கல்லாவில் இருப்பார். மனைவி அடுப்படியில் இருப்பார். பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வந்து தண்ணீர் எடுத்து வைக்கும்.

இவர்களுக்கு மூன்று மாதம்தான் சம்பாத்தியம். சாப்பாடோ பன்னிரண்டு மாதம்! நடுவில் கார்த்திகை, மார்கழியில் அய்யப்ப பக்தர்கள் வந்தால் கொஞ்சம் கைகொடுக்கும். 2020-ல் அதுவும் சுருங்கிவிட்டது. சபரிமலைக்கு முதலில் ஒரு நாளைக்கு 1,000 பேரும், வார முடிவில் 2,000 பேரும்தான் அனுமதிக்கப்பட்டார்கள்.

ஒரு கணக்கு

ஒரு காட்டேஜ்காரர் கணக்கைப் போட்டுப் பார்த்தால் விஷயம் புரியும். இது உதாரணக் கணக்குதான்.

ஆறு அறை உள்ள கட்டிடம். சாரல் காலம் 90 நாள். தினமும் சராசரியாக நாலு அறை நிரம்புகிறது. ஓர் அறைக்கு 800 ரூபாய். வரவு 2,88,000 ரூபாய்.

மீதி 275 நாளும் தினம் ஓர் அறைதான் போகிறது. அதற்கு 500 ரூபாய். வரவு 1,37,500 ரூபாய். மொத்தம் 4,25,500 ரூபாய்.

செலவு என்ன? கட்டிட வாடகை, வேலையாள் சம்பளம், மின்சாரம், சலவை, வெள்ளையடிப்பு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 3,00,000 ரூபாய். போக, மிஞ்சுவது 1,25,500 ரூபாய். மாதம் பத்தாயிரத்துச் சொச்சம். அதில்தான் அரிசி, பருப்பு, பள்ளிக்கூடச் சம்பளம், மருந்து எல்லாம்.

இப்போது அந்த 90 நாள் வரவை மட்டும் அடித்துவிட்டுப் பாருங்கள். வரவு 1,37,500. செலவு 3,00,000. கைநட்டம் 1,62,500 ரூபாய்! இரண்டு சாரல் போனால் 3,25,000 ரூபாய். இரண்டரை ஆண்டு உழைத்துச் சம்பாதிப்பதற்கும் மேல்! அதுவும், வீட்டில் யாரும் எதுவும் சாப்பிடாமல் இருந்தால்!

உண்மையில் நடந்தது இதைவிட மோசம். மீதி மாதங்களில் பலவும் ஊரடங்கில் போய்விட்டன.

நாடு முழுவதும் இதே கதைதான். 2020-21 நிதி ஆண்டின் முதல் மூன்று காலாண்டுகளில் சுற்றுலாத் தொழிலில் 2 கோடியே 15 லட்சம் பேர் வேலை இழந்தார்கள் என்று மத்திய மந்திரி 2022-ல் பாராளுமன்றத்தில் சொன்னார். இதில் ஊரடங்கின் முதல் மூன்று மாதத்தில் மட்டும் 1 கோடியே 45 லட்சம் பேர்.

அடைத்தது தவறா?

தவறு இல்லை.

அருவியில் நூறு பேர் தோளோடு தோள் இடித்துக் கொண்டு நிற்பார்கள். அங்கே முகக்கவசம் போட முடியாது. ஆறடி தள்ளியும் நிற்க முடியாது. வெளியூர்க்காரர் ஒருவர் கொண்டு வரும் நோய், பத்து ஊருக்குப் போய்விடும். உயிரா, வியாபாரமா என்று கேட்டால், உயிர்தான் முதலில். கடைக்காரருக்கும் பிள்ளைகுட்டி உண்டு. அவரும் இதை ஒப்புக் கொள்வார்.

ஆனால், இங்கே ஒரு நியாயம் இருக்கிறது.

அருவியை அடைத்தது யாருக்காக? ஊர் முழுவதற்காக. நாடு முழுவதற்காக. அந்த நன்மையில் எல்லோருக்கும் பங்கு உண்டு. அப்படியானால், அதனால் வந்த நட்டத்தை மட்டும் துண்டு விற்கிறவரும், எண்ணெய் தேய்க்கிறவரும் ஏன் தனியாகச் சுமக்க வேண்டும்?

ஊருக்காக அடைத்த கடையின் நட்டத்தை ஊரும் பகிர்ந்து கொள்ள வேண்டும். அதுதானே முறை?

சமாளித்தது எப்படி?

நெருக்கடி வந்ததும் சிறு வியாபாரிகள் சும்மா உட்கார்ந்துவிடவில்லை. அவரவருக்குத் தெரிந்த வழியில் சமாளித்தார்கள். தமிழ்நாட்டின் எந்தச் சுற்றுலா ஊருக்குப் போனாலும் இந்த வழிகளைப் பார்க்கலாம்.

முதல் வழி, தொழிலை மாற்றிக் கொள்வது. சுற்றுலா வேன் காய்கறி ஏற்றியது. பரோட்டா கடை பார்சல் கட்டியது. தையல் தெரிந்த பெண்கள் முகக்கவசம் தைத்தார்கள். பழக்கடைக்காரர் தள்ளுவண்டியில் தெருத்தெருவாகப் போனார். வருமானம் பாதிகூட இல்லை. ஆனால், அடுப்பு அணையவில்லை.

ஒரே தொழிலை நம்பியவர்தான் அதிகம் கஷ்டப்பட்டார். எண்ணெய் தேய்க்கிறவர் என்ன செய்வார்? ஆளைத் தொடாமல் செய்கிற வேலையா அது?

இரண்டாவது வழி, செலவைக் குறைப்பது. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. எதைக் குறைப்பது என்று தெரிய வேண்டும். பழகிய வேலையாளை நிறுத்திவிட்டால் சம்பளம் மிச்சம்தான். ஆனால், அருவி திறக்கும் நாளில் அவர் வேறு ஊருக்குப் போயிருப்பார். அரைச் சம்பளமோ, அரிசி பருப்போ கொடுத்து ஆளைக் காப்பாற்றிய கடை, திறந்த மறுநாளே ஓடும்.

நிறுத்தி வைத்த வண்டிக்கும் செலவு உண்டு. ஓடாத வேனுக்கும் இன்சூரன்சு கட்ட வேண்டும். ஸ்டார்ட் செய்யாமல் கிடந்தால் பேட்டரி செத்துவிடும். பூட்டி வைத்த அறையில் பூஞ்சை பிடிக்கும். குற்றாலத்து ஈரத்தில் கேட்கவே வேண்டாம். எனவே, வாரம் ஒரு நாள் கதவைத் திறந்து வைப்பதும், வண்டியை ஓட்டிப் பார்ப்பதும் சின்ன வேலைகள். அவை பெரிய செலவைத் தடுத்துவிடும்.

மூன்றாவது வழி, வாடிக்கைக்காரரிடம் உண்மையைச் சொல்வது. சாரலுக்கு வருவதாக முன்பணம் அனுப்பியவர்கள் இருப்பார்கள். அந்தப் பணம் செலவாகிப் போயிருக்கும். அப்போது போனை எடுக்காமல் ஒளிந்தால் என்ன ஆகும்? அந்தக் குடும்பம் பிறகு அந்தப் பக்கம் வரவே வராது. "ஐயா, பணம் இப்போது கையில் இல்லை. பாதியை இரண்டு தவணையில் தருகிறேன். மீதிக்கு அடுத்த தடவை வந்து தங்குங்கள்" என்று சொன்னால், பத்தில் எட்டுப் பேர் ஒப்புக் கொள்வார்கள். மனிதர்கள் அவ்வளவு கெட்டவர்கள் இல்லை.

நாலாவது வழி, கடன். இதுதான் ஆபத்தான வழி. முதலில் தோடு அடகுக்குப் போகும். அப்புறம் சங்கிலி போகும். கடைசியில் கந்து வட்டிக்காரர் வாசலுக்கு வருவார். நோய் போய்விடும். கடன் போகாது! கொரோனா ஒழிந்த பிறகும் பல வீடுகளில் ஒழியாமல் நின்றது இந்த வட்டிதான்.

உதவி யாருக்குப் போயிற்று?

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் 2020-ல் அரிசி ரேஷன் கார்டுக்கு 1,000 ரூபாய் கொடுக்கப்பட்டது. 2021-ல் இரண்டு தவணையாக 4,000 ரூபாய் கொடுக்கப்பட்டது. அந்தப் பணம் பல வீடுகளில் உலை வைத்தது.

ஆனால், தொழிலைக் காப்பாற்ற வந்த திட்டங்கள் கடைக்கோடி வரை போய்ச் சேர்ந்தனவா?

ரிசர்வ் வங்கி 2020 மார்ச்சு முதல் ஆகஸ்டு வரை ஆறு மாதம் கடன் தவணையைத் தள்ளி வைக்க அனுமதித்தது. நல்ல காரியம்தான். ஆனால், தள்ளி வைத்தது தவணையைத்தான், வட்டியை அல்ல. வட்டி ஓடிக் கொண்டே இருந்தது.

2020 மே மாதம் மத்திய அரசு ஒரு கடன் திட்டம் கொண்டு வந்தது. புதிதாக ஈடு எதுவும் கேட்காமல், சிறு தொழில்களுக்கு வங்கிகள் கூடுதல் கடன் கொடுக்கலாம் என்றது. யாருக்கு? ஏற்கெனவே வங்கியில் தொழில் கடன் வைத்திருப்பவருக்கு! வங்கி வாசலையே மிதிக்காத சிப்சு கடைக்காரருக்கு அதில் இடம் இல்லை.

2021 ஜூன் மாதம் சுற்றுலாவுக்கென்றே ஒரு திட்டம் அறிவிக்கப்பட்டது. பயண நிறுவனத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை கடன். சுற்றுலா வழிகாட்டிக்கு 1 லட்சம் ரூபாய் வரை கடன். ஆனால், அவர் அரசாங்க அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். துண்டு விற்பவருக்கு யார் அங்கீகாரம் கொடுத்தார்கள்?

தெருவோர வியாபாரிகளுக்கு 2020 ஜூன் மாதம் வந்த திட்டம் கொஞ்சம் கீழே இறங்கி வந்தது. ஈடு இல்லாமல் 10,000 ரூபாய் கடன். ஓர் ஆண்டில் ஒழுங்காகக் கட்டினால் வட்டியில் 7 சதவீதம் மானியம். அடுத்த தடவை கூடுதல் கடன். அதற்கும் வியாபாரி என்பதற்கு உள்ளாட்சி கொடுத்த அட்டையோ, சிபாரிசுக் கடிதமோ வேண்டும்.

இன்னொரு வேடிக்கை. அப்போது நூறு நாள் வேலைத் திட்டம் கிராம ஊராட்சிகளில் இருந்தது. குற்றாலமோ பேரூராட்சி. கிராமத்துக்காரருக்குக் கிடைத்த மண்வெட்டி வேலை, இந்த ஊர்க்காரருக்குக் கிடைக்காது!

இதிலிருந்து தெரிவது என்ன? உதவி இருந்தது. ஆனால், கையில் காகிதம் இருந்தவருக்குத்தான் அது போய்ச் சேர்ந்தது. பதிவேட்டில் பெயர் இல்லாதவர், பசியோடு இருந்தாலும் கணக்கில் இல்லாதவர் ஆகிவிட்டார்.

இனி என்ன செய்வது?

கொரோனா போய்விட்டது. கூட்டம் மறுபடியும் வருகிறது. எல்லாம் மறந்து போகிற நேரம் இதுதான். ஏற்பாடு செய்ய வேண்டிய நேரமும் இதுதான்.

நோய் வந்தால்தான் அருவி அடைபடும் என்பதில்லை. 2024 மே 17-ந்தேதி பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்தது. ஒரு சிறுவன் உயிர் இழந்தான். அருவிகளில் குளிக்கத் தடை போடப்பட்டது. இனியும் வெள்ளம் வரும். அருவியை அடைக்க வேண்டியும் வரும். சாரல் தொழிலுக்கு இது எப்போதும் உள்ள ஆபத்து. ஆகவே, மூன்று பேர் மூன்று காரியம் செய்ய வேண்டும்.

முதலாவது, வியாபாரி. முன்பெல்லாம் நம் வீடுகளில் பெண்கள் உலையில் போடும் அரிசியில் தினமும் ஒரு பிடி எடுத்துத் தனிப்பானையில் போட்டு வைப்பார்கள். அந்தப் பிடி அரிசி ஆபத்துக் காலத்தில் உதவும். கடைக்கும் அதே புத்தி வேண்டும். மேலே சொன்ன காட்டேஜ்காரர், சாரல் காலத்தில் ஓர் அறைக்கு 100 ரூபாய் தனியாக எடுத்து வைத்தால், ஒரு சாரலுக்கு 36,000 ரூபாய் சேரும். மூன்று சாரலில் 1,08,000 ரூபாய்! ஒரு சாரல் போனால் வரும் நட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கை அந்தப் பணமே தாங்கும். வட்டிக்காரர் வாசலுக்கு வர மாட்டார்.

கூடவே, தினசரி வரவு செலவை ஒரு நோட்டில் எழுத வேண்டும். நோட்டும், உள்ளாட்சி அட்டையும், வங்கிக் கணக்கும் இருந்தால் எந்தத் திட்டம் வந்தாலும் கதவு திறக்கும்.

இரண்டாவது, வியாபாரிகள் சங்கம். இருநூறு பேர் சேர்ந்து சாரல் காலத்தில் ஆளுக்குத் தினம் 10 ரூபாய் போட்டால், 90 நாளில் 1,80,000 ரூபாய் சேரும். கடை அடைத்த மாதத்தில் வட்டியில்லாக் கைமாற்று கொடுக்க அது போதும். எண்ணெய் தேய்க்கிறவரையும், அறை பெருக்குகிற பெண்ணையும் அந்தச் சங்கத்தில் சேர்க்க வேண்டும். கடை உள்ளவருக்கு மட்டும் என்றால், அதிகம் கஷ்டப்படுகிறவர் வெளியே நிற்பார்.

மூன்றாவது, இடத்தை ஏலம் விடுகிறவர்கள். பேரூராட்சியோ, கோவில் நிர்வாகமோ, வேறு எவரோ ஆகட்டும். ஏலப் பத்திரத்தில் ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும். "அரசாங்க உத்தரவால் அருவி அடைக்கப்பட்டால், அத்தனை நாளுக்கு உரிய பணம் கழிக்கப்படும்" என்ற வரிதான் அது. பணம் கட்டியவர் கடையைத் திறக்கக் கூடாது. கட்டிய பணமும் திரும்பாது என்றால், அது என்ன வியாபாரம்?

"அப்படிக் கழித்தால் பேரூராட்சிக்கு வருமானம் எங்கே? தெருவிளக்கு எரிய வேண்டாமா?" என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. அதற்கும் பிடி அரிசிதான் பதில். நல்ல சாரல் ஆண்டில் வரும் ஏலப் பணத்தில் ஒரு பகுதியைத் தனி நிதியாக ஒதுக்கி வைக்கலாம். கெட்ட ஆண்டில் அதிலிருந்து ஈடு செய்யலாம். வியாபாரிக்குச் சேமிக்கச் சொல்லும் ஊர், தானும் சேமிக்க வேண்டும் அல்லவா?

ஒரே நாளில் அள்ளலாமா?

இன்னொரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். அருவி திறந்ததும், போன நட்டத்தை ஒரே வாரத்தில் எடுத்துவிட வேண்டும் என்று சிலருக்கு ஆசை வரும். 800 ரூபாய் அறை 2,500 ரூபாய் ஆகும். பத்து ரூபாய் டீ இருபது ரூபாய் ஆகும்.

இது கூடாது. வந்த குடும்பம் வேறு வழி இல்லாமல் கொடுத்துவிட்டுப் போகும். ஆனால், ஊருக்குப் போய்ப் பத்துப் பேரிடம் சொல்லும். நோய் இரண்டு சாரலைத்தான் பறித்தது. கெட்ட பெயர் பத்துச் சாரலைப் பறித்துவிடும்.

சுற்றுலாப் போகிற குடும்பங்களுக்கும் ஒரு கடமை உண்டு. சிறு கடையில் ஐந்து ரூபாய்க்கு அடித்துப் பேசுகிறவர், பெரிய ஓட்டலில் பில்லைப் பார்க்காமல் கொடுக்கிறார். நியாயமான விலை கேட்கிற சிறு கடையில் ஒரு துண்டு வாங்கினால், அந்தப் பணம் அந்த ஊரிலேயே ஒரு பிள்ளையின் நோட்டுப் புத்தகம் ஆகும். நெருக்கடியில் பயணத்தை நிறுத்த நேர்ந்தால், முன்பணத்தை உடனே கேட்டு நெருக்காமல், "அடுத்த சாரலுக்கு வருகிறோம்" என்று சொல்லலாம். அதுவும் ஓர் உதவிதான்.

அருவி கொட்டுவது இயற்கையின் கையில் இருக்கிறது. அதை அடைப்பதும் திறப்பதும் அதிகாரிகள் கையில் இருக்கிறது. அடைத்த நாளில் அந்த ஊர் அடுப்புகள் எரிய வேண்டும். அது எல்லோர் கையிலும் இருக்கிறது. நல்ல சாரல் அடிக்கும்போதே அந்த ஒரு பிடி அரிசியை எடுத்து வைக்க வேண்டும்!